கம்பனிகள் வாய் திறப்பது எதனால்?

(சங்க மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இம்மேடைக்குச் சற்றுப் புதியது. உணவுப் பொருள் விற்கும் கம்பனிகளும் தோட்டம் நடத்தும் கம்பனிகளும் தம் இணையத்தளங்களிலே தம்மைப் பற்றித் தாமே எழுதி வைக்கும் செய்திகள் சில உண்டு. எவ்வளவு காட்டைக் காத்தோம், எவ்வளவு நீரை மிச்சப்படுத்தினோம், காற்றிலே எவ்வளவு காபனீரொட்சைட்டைக் கலந்தோம், தொழிலாளருக்கு என்ன செய்தோம் என்பனவே அச்செய்திகள். இவற்றைத் தொகுத்து நிலைபேற்றுத் தகவல் என்பர். இன்று விளைந்த மண்ணிலே நாளையும் விளையுமா, இன்று உழைப்பவனின் பிள்ளையும் அங்கே மானத்துடன் வாழ முடியுமா என்னும் இரு கேள்விகளுக்கு விடை கூறுவதே அத்தகவலின் பயன்.

வணிகனுடைய இயல்பு மறைப்பதேயாம். சந்தியிலுள்ள கடைக்காரர் தாம் சரக்கெடுக்கும் இடத்தை அயற்கடைக்காரருக்குச் சொல்லமாட்டார். அவ்வாறிருக்க, உலகத்தின் மிகப் பெரிய வணிகர்கள் தாம் எந்தக் காட்டோரத்து ஆலையிலே எண்ணெய் வாங்குகின்றோம் என்பதை ஊரறியப் பட்டியலிட்டு வைப்பது எதனால்? இதுவே எமது வினா.

இவ்வினாவுக்கு இரண்டு எளிய விடைகள் உண்டு. கம்பனிகள் திருந்திவிட்டன என்பது ஒன்று. எல்லாம் வெறும் வேடம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சிந்திக்கும் தொல்லையிலிருந்து எம்மை விடுவிப்பன. ஆதலினாலேயே இவ்விரண்டையும் நாம் ஐயத்துடன் நோக்குதல் வேண்டும். பொதுவாகப் பேசிக்கொண்டு போவதிலும் பார்க்க, ஒரு பயிரை எடுத்து அதன் கதையைத் தொடர்ந்து பார்ப்போமாயின் உண்மை புலப்படும். நாம் எடுத்துக்கொள்ளும் பயிர் செம்பனை.

செம்பனை என்பது மலேசியத் தமிழர் வழங்கும் பெயர். எமது நாட்டிலே இதனை முள்ளுத்தேங்காய் என்பர். மேற்கு ஆபிரிக்காவிலே தோன்றிய இம்மரத்தை மலாயாவிலே வணிக நோக்குடன் முதன்முதலாக நட்ட தோட்டம் சிலாங்கூரிலுள்ள தென்னமாரம், ஆண்டு 1917. றப்பர்த் தோட்டங்களிலே பால் வெட்டிய எம்மவர் பலர் பின்னாளிலே அங்கே செம்பனைக் குலை வெட்டினர். ஆகவே இது எமக்கு முற்றிலும் அயலான கதையன்று. இன்று உலகத்துச் செம்பனை எண்ணெயிலே ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும் தருகின்றன. ஓர் ஏக்கரிலே ஏனைய எண்ணெய் வித்துக்கள் தருவதைப் போலப் பன்மடங்கு எண்ணெய் தருவது இம்மரம். விசுக்கோத்து, மாஜரின், சவர்க்காரம், சொக்கலேற்று, உடனடி நூடில்ஸ் ஆகிய பலவற்றிலும் இவ்வெண்ணெய் கலந்திருக்கின்றது. ஆயினும் உண்பவனுக்கு அது தெரிவதில்லை. பெயரில்லாமல் வீட்டுக்குள் நுழையும் பொருள் அது.

பெயரில்லாப் பொருளைப் பற்றிப் பேசும் கட்டாயம் எவருக்கும் இல்லை. அக்கட்டாயம் எப்படி உண்டாயிற்று? சுமாத்திராவிலும் போர்ணியோவிலும் காடுகள் எரிந்து செம்பனை நடப்பட்டபோது, முதலிலே குரல் எழுப்பியோர் சூழல் அமைப்பினர். அக்குரல் தோட்டக்காரரின் காதில் ஏறவில்லை. ஏனெனில் தோட்டக்காரர் விற்பது ஆலைக்கு. ஆலை விற்பது சுத்திகரிப்போருக்கு. சுத்திகரிப்போர் விற்பது உணவுக் கம்பனிக்கு. கடையிலே பொருள் வாங்கும் மனிதருக்கும் தோட்டக்காரருக்கும் இடையிலே ஐந்தாறு கதவுகள். எனவே குரல் எழுப்பியோர் கடைசிக் கதவைத் தட்டினர். கடைசிக் கதவிலேதான் பெயர்ப்பலகை தொங்குகின்றது.

2010 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கிறீன்பீஸ் என்னும் அமைப்பு சிறிய படமொன்றை இணையத்திலே வெளியிட்டது. அலுவலகத்திலே களைத்திருக்கும் ஒருவன் நெஸ்லே கம்பனியின் கிற்கற் சொக்கலேற்றைப் பிரிக்கின்றான். அவன் கடிப்பது சொக்கலேற்று அன்று, ஒராங்குட்டான் என்னும் மனிதக் குரங்கின் விரல். காடழிப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சினார் மாஸ் குழுமத்தினது எண்ணெய் அச்சொக்கலேற்றிலே சேர்கின்றது என்பதே படத்தின் கருத்து. நெஸ்லே என்ன செய்தது? பதிப்புரிமையைக் காட்டிப் படத்தை யூரியூப்பிலிருந்து அகற்றுவித்தது. அகற்றிய பின்னரே படம் ஊரெங்கும் பரவிற்று. கம்பனியின் பேஸ்புக் பக்கத்திலே மக்கள் திரண்டு கேள்வி கேட்டனர். கம்பனியின் சார்பில் எழுதியவர் கடுமையாக விடையிறுத்தார். நெருப்பிலே நெய் வார்த்தது போலாயிற்று. இரண்டே மாதங்களில், அதே ஆண்டு மே மாதத்திலே, காடழிப்போடு தொடர்புடைய எண்ணெயை வாங்கமாட்டோம் என்று நெஸ்லே உறுதி கூறி, பாரஸ்ட் ட்ரஸ்ட் என்னும் அமைப்பின் உதவியோடு தன் எண்ணெய் வரும் வழியை ஆராயத் தொடங்கிற்று.

இந்நிகழ்ச்சியிலிருந்து முதலாவது காரணத்தை நாம் அறிகின்றோம். அது பெயருக்கு நேரும் அச்சம். நூறாண்டு செலவிட்டு வளர்த்த ஒரு பெயரை ஒரு நிமிடப் படம் குலைத்துவிட வல்லது. பெயருள்ள கம்பனி பேசுகின்றது; பெயரற்ற கம்பனி மௌனமாயிருக்கின்றது. கடையில் வாங்குவோருக்கு அருகிலுள்ள கம்பனிகளும், உருவிற் பெரிய கம்பனிகளும் கூடுதலான தகவலை வெளியிடுகின்றன என்று இத்துறையை ஆராய்ந்தோர் பல நாடுகளிலும் கண்டிருக்கின்றனர். இதிலே வியப்பில்லை. உயரமான மரத்திலே தான் காற்று அடிக்கின்றது. எழுதுவதற்கென்று ஒரு தனிப் பகுதியை வைத்துச் சம்பளம் கொடுக்கும் வசதியும் பெரியவனுக்கே உண்டு.

இரண்டாவது காரணம் வாங்குவோரின் நெருக்குதல். இங்கே வாங்குவோர் என்பது நானூறு கிராம் மாஜரின் வாங்கும் குடும்பத்தலைவியை அன்று. ஆயிரக்கணக்கான தொன் எண்ணெய் வாங்கும் கம்பனியை. 2004 ஆம் ஆண்டிலே நிலைபேறான செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை என்னும் அமைப்பு உருவாயிற்று. உலக வனஜீவராசிகள் நிதியமும், யுனிலீவர் கம்பனியும், மலேசியத் தோட்டக்காரரும் பிறரும் ஒரே மேசையில் அமர்ந்து விதிகள் வகுத்தனர். 2008 இலே முதலாவது சான்று பெற்ற எண்ணெய் சந்தைக்கு வந்தது. சான்று வேண்டுமாயின் தோட்டக்காரர் சில விடயங்களைப் பகிரங்கப்படுத்தியே ஆகவேண்டும்.

இம்மேசையின் வலிமை எத்தகையது என்பதை 2016 ஆம் ஆண்டிலே உலகம் கண்டது. இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானிலே நடந்தவை பற்றிய முறைப்பாட்டினால், ஐ.ஓ.ஐ. என்னும் மலேசியக் குழுமத்தின் சான்றை வட்டமேசை ஏப்ரல் மாதத்திலே இடைநிறுத்திற்று. உடனே யுனிலீவர், மார்ஸ், கெலோக் முதலிய கொள்வனவாளர் ஒவ்வொருவராக விலகினர். பங்கின் விலை சரிந்தது. சீற்றங்கொண்டு வழக்குத் தொடுத்த கம்பனி பின்னர் வழக்கை மீட்டுக்கொண்டது, திருத்தங்களை முன்வைத்தது, ஆகஸ்டிலே தடை நீங்கிற்று. நான்கு மாதங்களிலே அக்கம்பனி கற்ற பாடத்தை ஏனைய கம்பனிகள் பணம் செலவழியாமலே கற்றுக்கொண்டன.

இவ்விடத்தே ஒரு தொழில் நுணுக்கத்தைக் கூறுதல் வேண்டும். செம்பனைக் குலையை வெட்டிய பின்னர் வைத்திருக்க முடியாது. ஒரு நாள் அல்லது இரு நாளுக்குள்ளே ஆலையிலே அவித்தல் வேண்டும். தாமதித்தால் எண்ணெய் கெட்டுப் புளிப்பேறும். ஆதலின் ஆலை எங்கே இருக்கின்றதோ அதற்கு ஐம்பது கிலோமீற்றர் சுற்றுவட்டத்துக்குள்ளேதான் பெரும்பாலும் தோட்டமும் இருக்கும். ஆலையின் பெயரையும் இடத்தையும் கூறிவிட்டால், எண்ணெய் எந்தக் காட்டோரத்திலிருந்து வருகின்றதென்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். எனவேதான் ஆலைப் பட்டியல் நீண்ட காலம் வணிக இரகசியமாகப் பேணப்பட்டது. செம்பனை எண்ணெய் வணிகத்திலே மிகப் பெரியதாகிய சிங்கப்பூரின் வில்மார் கம்பனி 2013 டிசம்பரிலே காடழிப்பில்லை, சதுப்பழிப்பில்லை, சுரண்டலில்லை என்று கொள்கை கூறி, 2015 ஜனவரியிலே தனக்கு எண்ணெய் தரும் ஆலைகளை இணையத்திலே காட்டத் தொடங்கிற்று. 2018 பெப்ரவரியிலே யுனிலீவர் 1,400 க்கு மேற்பட்ட ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றிலே மறைத்து வைத்திருந்த காலம் அவ்வளவில் முடிந்தது.

அப்பட்டியலுக்குப் பின்னால் நின்றது மூன்றாவது காரணம்: ஒளிக்க முடியாமை. 2014 ஆம் ஆண்டிலே உலக வளங்கள் நிறுவனம் செய்மதிப் படங்களைக் கொண்டு உலகத்துக் காடுகளை எவரும் பார்க்கக்கூடிய வகையிலே இணையத்திலே திறந்து வைத்தது. காடு அழிந்தால் அது படத்திலே விழுகின்றது. அதே ஆண்டிலே இலண்டன் விலங்கியற் சங்கம் செம்பனைக் கம்பனிகளுக்குப் புள்ளியிடத் தொடங்கிற்று. அப்புள்ளி எதனைக் கொண்டு இடப்படுகின்றது தெரியுமா? கம்பனி பகிரங்கமாக வெளியிட்டுள்ள தகவலை மட்டும் கொண்டு. மேசை இழுப்பறைக்குள்ளே எவ்வளவு நல்ல கொள்கை இருந்தாலும் இணையத்தளத்திலே இல்லையாயின் புள்ளியில்லை. அடுத்த கம்பனி எழுபது புள்ளி பெறத் தான் முப்பது பெறுவதை எந்த முகாமையாளரும் விரும்பார். பரீட்சைப் பெறுபேறு சுவரிலே ஒட்டப்படும் போது மாணவருக்கு உண்டாகும் அதே உணர்ச்சி பணிப்பாளர் சபைக்கும் உண்டாகின்றது.

நான்காவது காரணம் பணம் கொடுப்போர். நோர்வே நாட்டின் அரச ஓய்வூதிய நிதியம் உலகத்திலே மிகப் பெரிய முதலீட்டாளர்களில் ஒன்று. அது 2012 ஆம் ஆண்டிலே இருபதுக்கு மேற்பட்ட செம்பனைக் கம்பனிகளின் பங்குகளை விற்றுத் தள்ளிற்று. மறுபுறத்திலே, நிலைபேற்று இலக்குகளை எட்டினால் வட்டியைக் குறைக்கும் கடன்கள் தோன்றின. 2018 இலே சிங்கப்பூரின் ஓலம் கம்பனி 50 கோடி டொலரை இவ்வகையிலே கடனாகப் பெற்றது. இலக்கை எட்டியதை எண்களாற் காட்டினாலன்றி வட்டி குறையாது. பேச்சுக்கு விலை உண்டென்று வங்கி கூறியதும் பேச்சு வளர்ந்தது. எவ்வாறு எழுதுவது என்பதற்கும் இலக்கணங்கள் பிறந்தன. 1997 இலே பொஸ்ரனிலே தோன்றிய உலக அறிக்கையிடல் முன்முயற்சி 2022 இலே வேளாண்மை, மீன்வளம் ஆகியவற்றுக்கென்றே தனி விதியொன்றை வெளியிட்டது.

ஐந்தாவதும் கடைசியுமாகிய காரணம் சட்டம். பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டம், ஆண்டுக்கு 3 கோடியே 60 இலட்சம் பவுணுக்குக் குறையாத வியாபாரம் உள்ள கம்பனிகள் தம் வழங்கற் சங்கிலியிலே அடிமைத் தொழில் இல்லாதிருக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் எழுதி, இணையத்தளத்தின் முகப்பிலேயே அதற்கு வழி காட்டல் வேண்டும் என்கின்றது. ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினாலும் சட்டம் தண்டிக்காது. ஆயினும் அப்படி எழுதித் தன் பெயரையும் கீழே இட எந்தப் பணிப்பாளர் முன்வருவார்? ஐரோப்பிய ஒன்றியம் 2014 இலும் பின்னர் 2022 இலும் அறிக்கையிடலைக் கட்டாயமாக்கும் சட்டங்களை இயற்றிற்று. 2025 இலே அதன் வீச்சைச் சுருக்கும் ஆலோசனையும் எழுந்தது. 2023 இலே இயற்றிய காடழிப்புச் சட்டமோ, செம்பனை, கொக்கோ, கோப்பி, சோயா, றப்பர், மரம், மாடு ஆகிய ஏழும் 2020 டிசம்பர் 31 க்குப் பின்னர் காடழித்த நிலத்திலிருந்து வந்தனவாயின் உள்ளே நுழைய முடியாது என்கின்றது. நிலத்தின் இருப்பிடத்தைப் புவி ஆள்கூறுகளாற் காட்டல் வேண்டும். அதன் நடைமுறை ஒரு தடவைக்கு மேல் ஒத்திவைக்கப்பட்ட போதிலும், கம்பனிகள் நில அளவையைத் தொடங்கிவிட்டன. எமது நாட்டு றப்பருக்கும் அது பொருந்தும்.

சுங்க அதிகாரியின் கை இன்னும் கடுமையானது. 2020 டிசம்பரிலே கட்டாயத் தொழிலின் பேரிலே சைம் டார்பி தோட்டக் கம்பனியின் எண்ணெயை அமெரிக்கச் சுங்கம் தடுத்து நிறுத்திற்று. கம்பனி வெளியாரைக் கொண்டு ஆராய்ந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர் வேலைக்கு வருவதற்காக இடைத்தரகருக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, செய்தவற்றை வெளியிட்டது. 2023 பெப்ரவரியிலே தடை நீங்கிற்று.

அன்பர்களே, இவ்வைந்து காரணங்களையும் ஒன்று சேர்த்துப் பாருங்கள். பெயரைக் கெடுக்க வல்லவர், சரக்கை மறுக்க வல்லவர், வானத்திலிருந்து பார்க்க வல்லவர், கடனை நிறுத்த வல்லவர், துறைமுகத்தை மூட வல்லவர். ஐவரும் வல்லவர். எவருக்கு அஞ்சுகின்றனரோ அவருக்காகவே கம்பனிகள் எழுதுகின்றன. இதுவே நாம் கண்ட முடிபு. இதனைக் குற்றமாக நாம் கூறவில்லை. கட்டாயத்தினாற் செய்த நன்மையும் நன்மையே. பரீட்சைக்கு அஞ்சிப் படித்த பையனுக்கும் கணக்கு வருகின்றதன்றோ? எழுதத் தொடங்கிய கம்பனி அளக்கத் தொடங்குகின்றது. அளக்கத் தொடங்கியது, முன்னே தனக்கே தெரியாதிருந்த வீண்செலவையும் பழுதையும் காணத் தொடங்குகின்றது. தன் எண்ணெய் எந்த ஆலையிலிருந்து வருகின்றதென்பது 2010 இலே பல கம்பனிகளுக்குத் தெரியாது. இன்று தெரியும்.

ஆனால் இம்முடிபுக்கு மறுபக்கமும் உண்டு. அஞ்சப்படாதவன் அவ்வறிக்கையிலே இடம் பெறுவதில்லை. காட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய காலத்திலே, குலை வெட்டியவனைப் பற்றி எத்தனை வரி எழுதினர்? 2016 நவம்பரிலே சர்வதேச மன்னிப்புச் சபை இந்தோனேசியத் தோட்டங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையிலே, வில்மாருக்கு எண்ணெய் தந்த தோட்டங்களிலே குழந்தைத் தொழிலும், எட்ட முடியாத நாள் இலக்குகளும், நச்சு மருந்து தெளிக்கும் பெண்களின் துயரமும் காணப்பட்டன. ஆராய்ந்த ஐந்து தோட்டக் கம்பனிகளிலே மூன்று வட்டமேசைச் சான்று பெற்றவை. காடு செய்மதியிலே தெரிகின்றது. நாட்சம்பளம் செய்மதியிலே தெரிவதில்லை. மரத்தின் இலை தெரிகின்றது. அதன் கீழே நிற்கும் பெண்ணின் கை தெரிவதில்லை.

சிறு தோட்டக்காரர் நிலையும் அதுவே. இந்தோனேசியாவின் செம்பனை நிலத்திலே ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சிறு தோட்டக்காரருடையது. ஆள்கூறு வேண்டும், ஆவணம் வேண்டும், காணி உறுதி வேண்டும் என்று கம்பனி கேட்கும்போது, பாட்டன் காலத்திலிருந்து பயிர் செய்யும் ஏழைக் குடியானவன் என்ன செய்வான்? தாளில்லாதவனை விட்டுவிட்டுத் தாளுள்ளவனிடம் வாங்குவதே கம்பனிக்கு எளிது. எனவே தகவல் கேட்பவர், அதனைத் திரட்டும் செலவை யார் தாங்குவது என்றும் கேட்டல் வேண்டும். இல்லையேல் நன்மையின் பெயரால் ஏழையின் தலையிலே சுமை ஏறும்.

எழுதுவதெல்லாம் உண்மையுமாகாது. டென்மார்க்கிலே பெரும் பன்றியிறைச்சிக் கம்பனியொன்று தன் இறைச்சி காலநிலைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதென்று விளம்பரஞ் செய்தது. அது வாங்குவோரை மயக்குவதென 2024 மார்ச்சிலே நீதிமன்றம் தீர்த்தது. இத்தகைய தீர்ப்புக்கள் வேண்டுவனவே. ஆயினும் இவற்றைக் கண்ட வேறு சில கம்பனிகள், பேசினால் அன்றோ வழக்கு என்று மௌனத்துக்குத் திரும்பவும் முயல்கின்றன. பொய்யைத் தண்டிப்பதோடு மௌனத்தையும் கேள்வி கேட்டாலன்றி நாம் பழைய இடத்துக்கே திரும்புவோம்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். செம்பனை இங்கே 1968 ஆம் ஆண்டு காலி மாவட்டத்து நாக்கியாதெனியாவிலே நடப்பட்டது. நீரூற்று வற்றுகின்றதென அயற்கிராமத்தவர் முறையிட்டனர், தோட்டக்காரர் மறுத்தனர், 2021 ஏப்ரலிலே அரசாங்கம் புதிய நடுகையைத் தடை செய்தது. ஆயினும் எமக்கு நெருக்கமான பயிர் தேயிலை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளிலே அரசுடைமையான தோட்டங்கள் 1992 இலே இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளின் முகாமைக்கு விடப்பட்டன. அவற்றிலே பல கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையிலே இடம்பெற்று ஆண்டறிக்கை வெளியிடுகின்றன. அவ்வறிக்கைகளை எவரும் இணையத்திலே இலவசமாகப் படிக்கலாம். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனமும் சர்வதேச நிலைபேற்று நியமங்களைத் தழுவி, 2025 தொடக்கம் பெரிய கம்பனிகளிலிருந்து படிப்படியாக அவற்றை நடைமுறைக்குக் கொண்டு வருகின்றது.

தேயிலையிலும் கேள்வி கேட்டால் விடை கிடைக்கும் என்பதற்குச் சான்றுண்டு. 2018 ஆம் ஆண்டிலே பிரித்தானியாவிலே ட்றெயிட்கிராவ்ட் எக்ஸ்சேஞ்ச் என்னும் அறநிறுவனம், எமது தேயிலையைப் பறித்தவர் யார் என்று அந்நாட்டுத் தேயிலைக் கம்பனிகளைக் கேட்கும்படி பொதுமக்களைத் தூண்டிற்று. அசாம் தோட்டத் தொழிலாளரின் நிலையே அவர்கள் எண்ணிய பொருள். பொதுமக்கள் கடிதம் எழுதினர். நெடுங்காலம் மறைத்து வைத்திருந்த தோட்டப் பட்டியலைப் பெருங்கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டன. சட்டம் வரவில்லை, துறைமுகம் மூடப்படவில்லை. தேநீர் குடிப்பவர் கேட்டனர், அவ்வளவே.

ஆனால் நாம் கேட்டோமா? மலைநாட்டுத் தோட்டங்களைப் பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. யாரைப் பற்றி எழுதப்படுகின்றதோ அவர் படிப்பதில்லை. தம் லயத்தின் கூரை அறிக்கையிலே எவ்வாறு வருணிக்கப்பட்டுள்ளதென்று கொழுந்து பறிக்கும் தாய்க்குத் தெரியாது. தன் பெயர் செக்றோலிலே எத்தனை நாள் விழுந்ததென்பது அவளுக்குத் தெரியும்; அந்த நாட்கள் இலண்டனிலும் கொழும்பிலும் எந்த எண்ணாக மாறுகின்றன என்பது தெரியாது. படிக்காத வாசகருக்கு எவரும் அஞ்சமாட்டார். அஞ்சாதவர் அவருக்காக எழுதவுமாட்டார். இங்கேதான் எம் இளைஞரின் கடமை பிறக்கின்றது.

அக்கடமை பெரிதன்று. இச்சங்கத்தின் படிப்பு வட்டம் ஆண்டுக்கு ஒரு கம்பனியின் அறிக்கையை எடுத்துக்கொள்ளட்டும். நான்கு கேள்விகளை அதனிடம் கேட்கட்டும். முதலாவது, இவ்வெண்கள் கம்பனியின் எல்லாத் தோட்டங்களையும் தழுவியனவா, அன்றி நல்ல தோட்டங்களை மட்டும் தெரிந்து எடுத்தனவா? இரண்டாவது, அளந்தவர் யார். கம்பனி தானேயா, வெளியாரா? மூன்றாவது, சென்ற ஆண்டின் எண் எங்கே? தனித்து நிற்கும் எண் அழகாயிருக்கும். பக்கத்திலே பழைய எண் நின்றாலே உண்மை பேசும். நான்காவது, குடிநீர், வீடு, சம்பளம், மருந்து தெளிப்போரின் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு எண் உண்டா, அன்றிப் படம் மட்டுமா? சிரிக்கும் பெண்ணின் படம் சம்பளப் பட்டியலுக்கு ஈடாகாது.

இன்னொன்றும் கூறுவோம். அச்சேறிய ஏட்டைத் திரும்பப் பெற முடியாது. இணையத்திலே இட்டதை ஒரே இரவிலே மாற்றிவிடலாம். ஆதலின் படிக்கும் பக்கத்தைப் பிரதி எடுத்துத் திகதியிட்டுச் சங்க நூல்நிலையத்திலே வையுங்கள். ஐந்தாண்டு கழித்து வாக்குறுதியையும் நிறைவேற்றத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட அது உதவும். தோட்டத்தைப் பற்றிய பக்கத்தை மட்டுமாவது தமிழாக்கி, அத்தோட்டத்திலே படித்துக் காட்டுங்கள். எழுதியது சரியென்று அங்குள்ளோர் கூறுவாராயின் கம்பனியைப் பாராட்டிக் கடிதம் எழுதுவோம். தவறென்று கூறுவாராயின் மரியாதையுடன், ஆனால் தெளிவாக, விளக்கங் கேட்போம். இரண்டும் கடிதமே. நேர்மையாக நடத்தும் கம்பனிக்கு இதனால் இழப்பில்லை. தன் உண்மைக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடைத்த மகிழ்ச்சியே அதற்கு உண்டாகும்.

எம் இளைஞரிற் பலர் நாளை கணக்காளராகவும், தோட்ட உத்தியோகத்தராகவும், ஏற்றுமதிக் கம்பனியின் எழுதுவினைஞராகவும் அமரப்போகின்றவர்கள். அவ்வறிக்கையை எழுதும் பேனா உங்களுட் சிலர் கைக்கே வரும். அந்நாளிலே, ஐந்து வல்லவரை மனத்திற் கொண்டு எழுதுமாறு மேலிடம் பணிக்கும். எழுதுங்கள், அது உங்கள் தொழில். ஆயினும் ஆறாவதாக ஒருவர் இருக்கின்றார் என்பதை மறவாதீர்கள். அவர் கூடையோடு மலையிலே நிற்கின்றார். தம்மைப் பற்றி எழுதியதைத் தம் மொழியிலே படித்துக் காட்டும்போது, இது மெய்யே என்று அவர் தலையசைக்கத்தக்க வகையிலே எழுதுங்கள்.